பரேல் அறையை மூட வேண்டாம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். மும்பை சயானிலிருந்து எழுதுகிறேன். துபாய் அண்ணாச்சி எழுதிய மடலையும் அதற்கு வந்த பதில்களையும் இரண்டு முறை படித்தேன். வைத்தியத்துக்கு மும்பை வரும் நம் ஊர் நோயாளிகள் தங்க நம் சங்கம் பிடித்திருக்கும் பரேல் அறைக்கு மாதாமாதம் போகும் பணத்தைச் சேர்த்தால் இரண்டு வருடத்தில் ஊர் முகப்பில் வளைவு எழுப்பிவிடலாம் என்கிறார். வளைவு வரட்டும் அண்ணாச்சி. அதற்குத் தனியாக வரி போடுங்கள், என் பங்கையும் தருகிறேன். அறையில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே நடப்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாடா நினைவு மருத்துவமனை 1941 முதல் பரேலில் இருக்கிறது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் புற்றுநோய்க்காரர்கள் அங்கே வருகிறார்கள். வைத்தியத்துக்கு வழி கிடைத்தாலும் தங்க இடம் கிடைப்பதில்லை. தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை போன்றவை எத்தனையோ பேரைத் தாங்குகின்றன. அப்படியும் மருத்துவமனையைச் சுற்றிய நடைபாதையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. நம் கீழத்தெரு அக்காவும் அவள் மகனும் அப்படி ஒன்பது இரவு படுத்திருந்தார்கள். டாக்சி ஓட்டும் நம் ஊர்த் தம்பி அந்த வழியே போனபோது, பையன் அம்மாவிடம் தண்ணீர் கேட்ட பேச்சின் இழுப்பைக் கேட்டு வண்டியை நிறுத்தி, எந்த ஊர் என்று விசாரித்தான்.

பையனுக்கு இரத்தப் புற்றுநோய். அவனுக்கு வந்த வகைக்கு நல்ல மருந்து உண்டு, பிழைக்கும் பிள்ளைகளே அதிகம். ஆனால் வைத்தியம் இரண்டு வருடத்துக்கு மேல் நீளும். தொடக்க மாதங்களில் மருந்து ஏறியதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், நள்ளிரவில் காய்ச்சல் வந்தாலும் உடனே ஓட வேண்டும். கையிருப்பு தீர்ந்து, இருக்க இடமில்லாமல், பாதியில் ஊர் திரும்பிய பிள்ளைகளில் பலரை இழந்திருக்கிறோம். இதைப் பார்த்துத்தான் சியாமா, நிஹால் கவிரத்னே தம்பதியர் 2006இல் மும்பையில் செயின்ட் ஜூட் மையங்களைத் தொடங்கினார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றோருடன் அங்கே இலவசமாகத் தங்கி வைத்தியம் பார்க்கலாம். நம் பையனுக்கு அங்கே இடம் கிடைக்கும்வரை தங்கவைக்கப் பிடித்ததுதான் நம் ஒற்றை அறை. அவன் அந்த மையத்துக்கு மாறிய பின்னும் நம் அறை ஒரு மாதம்கூடக் காலியாக இருந்ததில்லை. பெரியவர்களுக்கும் நோய் வருகிறதே.

முதல் மருந்து ஏறிய சில நாளில் அவன் வாயெல்லாம் புண். காரம் ஆகாது, பச்சையாக எதுவும் ஆகாது, தண்ணீர்கூடக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். சோற்றைக் குழைய வடித்து, மத்தால் மசித்து, பருப்புத் தண்ணீர் விட்டு, உப்பு மட்டும் போட்டுத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். பாதி இறங்கியதும் என்னைப் பார்த்து, சொதி எப்போது வைத்துத் தருவேன் என்று கேட்டான். போன பொங்கலுக்கு வைத்துக் கொடுத்தேன். இப்போது ஊரில் ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

பணம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கூடப் போகும் ஆள். இந்தியும் மராத்தியும் தெரியாமல் வருபவருக்கு எந்த வரிசையில் நிற்பது, எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வருவது என்பதே மலை. புற்றுநோயாளி வைத்தியத்துக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அவருக்கு முழுக் கட்டணமும் கழிவு, துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு கழிவு. மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 விழுக்காடு படுக்கைகளை மிக ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் நம் பெரியப்பாக்களுக்கு யார் சொல்வார்கள்? அறைக்கு வரும் நம் பிள்ளைகள்தான் சொல்கிறார்கள், படிவத்தையும் நிரப்பித் தருகிறார்கள்.

அறைக்கென ஒருவர் மொத்தமாகத் தந்த தொகை ஏழு மாதத்தில் கரைந்தது. இன்று வாடகை போவது மாதம் 300 ரூபாய் தவறாமல் அனுப்புகிறவர்களால். விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலாவும் வீடுவீடாகப் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிதான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி. தினமும் வந்ததால்தான் பள்ளி ஓடியது.

ஒன்று இன்னும் மனத்தை அறுக்கிறது. போன ஆண்டு விழாவில் அந்த அக்காவை மேடையேற்றிக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். அவள் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். அந்தப் படத்தை நம் மலரிலும் போட்டோம். இனி யாருக்கும் அப்படிச் செய்யக் கூடாது.

வெளிநாட்டு உறவுகள் கவனிக்க: இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் சங்கம் வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், நம்மிடம் அது இல்லை. அவர்கள் வேறு வகையில் உதவலாம். அறிக்கைகளைப் படித்து விளக்க ஒரு மருத்துவர் கிடைத்தால் பேருதவி.

வரும் புதன் மேலத்தெருத் தாத்தா திருநெல்வேலி–தாதர் வண்டியில் பேத்தியுடன் வருகிறார். இரண்டு இரவுப் பயணம், படியேற முடியாதவர். அன்றைய பகல் சாப்பாடு மாதுங்கா வீட்டாரின் முறை, இரவுக்கு நான் கொண்டுபோகிறேன். தாதரில் இறக்கிக் கூட்டிவர ஒருவர் வேண்டும். யார் போகிறீர்கள்?

அன்புடன்,
சயான் அத்தை