மறு: ஆப்பு எண்ணா, முப்பகாப் பெருக்கெண்ணா?

வணக்கம்.

மூன்று வெவ்வேறு பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண்ணுக்கு (ஆங்கிலத்தில் sphenic number) தமிழில் 'ஆப்பு எண்' என்ற பெயரை ஐயா முன்வைத்திருக்கிறார். கிரேக்க மூலச்சொல்லுக்குப் பொருள் ஆப்புதான், அதில் தவறில்லை. ஆனால் சேலம் அஸ்தம்பட்டியில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் சொன்னதும் ஒருவன், "யாருக்கு சார் ஆப்பு?" என்றான். அன்றைய வகுப்பு அதோடு போச்சு. சரி, சிரிப்பை விடுங்கள். பெயரைக் கேட்டு அந்த எண்ணைப் பற்றி ஒன்றுமே ஊகிக்க முடியவில்லை என்பதே என் குறை.

அன்று கொடுத்திருந்த எண் 636601, ஏற்காட்டின் பின்கோடு. 2, 3, 5 எதுவும் போகாது. 7 போகும், ஈவு 90943. பாடே அதற்குப் பிறகுதான். 11, 13, 17 என்று ஏறிக்கொண்டே போகிறோம், மீதி வந்துகொண்டே இருக்கிறது. நூறைத் தாண்டியதும் பாதிப் பேர் "இது பகா எண்தான் சார்" என்று பேனாவை மூடிவிட்டார்கள். 90943-இன் வர்க்கமூலம் 301-ஐச் சற்றே தாண்டும்; அதுவரை பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாதே. விடாமல் போன ஒரு பெண் 199-இல் பிடித்தாள்: 200 × 457-இலிருந்து ஒரு 457-ஐக் கழித்தால் 90943. ஆக, 7 × 199 × 457.

இப்படி உடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு வகுத்தியில் (மீதியின்றி வகுக்கும் எண்ணில்) இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் வகுத்திகள் எட்டே எட்டு. மூன்று பகா எண்களோடும் ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் அந்த வகுத்திகளின் கூடுதல் வரும்: 8 × 200 × 458, அதாவது 732800. ராமானுஜனின் 1729-உம் இந்தச் சாதிதான்: 7 × 13 × 19. இந்த எண்கள் மூன்று அடுத்தடுத்து வரலாம் (1309, 1310, 1311). நான்கு வராது, தொடர்ந்த நான்கில் ஒன்று 4-ஆல் வகுபட்டுவிடும், அதில் 2 இருமுறை வரும்.

'முக்காரணி எண்' சரிப்படாது. 49-க்கும் 1, 7, 49 என்று மூன்று காரணிகள்தான். 'முப்பகா எண்' காதுக்கு இனிமைதான், ஆனால் 'இரட்டைப் பகா எண்கள்' (3, 5 போல இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண்கள்) படித்த மாணவர் இதையும் பகா எண்ணில் ஒரு வகை என்றே எடுத்துக்கொள்வார். இதுவோ பகு எண்.

அதனால் 'முப்பகாப் பெருக்கெண்' என்கிறேன். மூன்று பகா எண்கள், அவற்றின் பெருக்கம் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. 'வெவ்வேறு' என்பது வரையறையில் இருக்கட்டும், பெயரிலும் திணித்தால் வாயில் நுழையாது.

ஒரு சிக்கல் மட்டும் உறுத்துகிறது. இதே வழியில் இரண்டு பகா எண்களின் பெருக்கத்துக்கு 'இருபகாப் பெருக்கெண்' என்று வைத்தால், அங்கே ஒரே பகா எண் இருமுறை வரும் 4 (2 × 2), 9 (3 × 3) சேரும். இங்கே 12 (2 × 2 × 3) சேராது. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.