63 நிகழ்வுகளோடு மவுஸ் நின்றுவிடுகிறது: விர்ட்டியோ டிரைவரில் என்ன பிழை?

கேட்டவர்:
வணக்கம். ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்குச் சிறிய கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்று எழுதி, கணினியையே மென்பொருளாகப் போலச்செய்யும் கியூஎமுவின் ‘விர்ட்’ இயந்திரத்தில் ஓட்டிவருகிறேன். விர்ட்டியோ என்ற மெய்நிகர் சாதன நெறிப்படி அமைந்த டேப்லெட் (மவுஸ் அசைவைத் தருவது), ஜிபியூ (திரையைக் காட்டுவது) இரண்டின் டிரைவரும் நான் எழுதியவை. மவுஸை நகர்த்தினால் நிகழ்வுகள் வருகின்றன; 63 வந்ததும் நின்றுவிடுகின்றன. மூன்று இரவுகளாக எண்ணுகிறேன், எப்போதும் 63தான். நிகழ்வுக்கு ஒன்றாகச் சாதனத்துக்கு நான் கொடுக்கும் பஃபர்களின் (சிறு நினைவக இடங்களின்) வரிசை நீளமோ 64. இன்டரப்ட் (சாதனம் செயலியை அழைக்கும் குறிப்பு) பகுதியை இருமுறை திருத்தி எழுதியும் பயனில்லை.

இன்னொன்று: முதல் படம் திரையில் தெரிகிறது. பிறகு சுட்டியை வரைந்தால் நினைவகம் மாறுகிறது, திரை மாறவில்லை.

முதல் பதில்:
இன்டரப்டை விட்டுவிடுங்கள், அது குற்றமற்றது. ஓர் அசைவுக்கு எக்ஸ், ஒய், ‘இத்தோடு முடிந்தது’ என்று சொல்லும் சின்க் என மூன்று நிகழ்வுகள். 21 அசைவுகளில் 63 பஃபர் தீர்ந்துவிடும். மிஞ்சிய ஒன்றில் அடுத்த மூன்று அடங்காது. கியூஎமு பாதியை அனுப்பாமல் மூன்றையும் கைவிட்டுவிடும். படித்த பஃபரை நீங்கள் திருப்பிக் கொடுப்பதே இல்லை. அதன் எண்ணை அவெய்லபிள் வளையத்தில் (சாதனம் பயன்படுத்தக்கூடிய பஃபர்களின் பட்டியலில்) மீண்டும் இட்டு, நினைவக எழுத்துகளின் வரிசை மாறாமல் காக்கும் ஃபென்ஸ் போட்டு, அதன்பிறகே அந்த வளையத்தின் இன்டெக்ஸைக் (இதுவரை இட்டவற்றின் எண்ணிக்கையை) கூட்டி, சாதனத்துக்கு நோட்டிஃபை செய்யுங்கள். ஐயமிருந்தால் விர்ட்டியோ விசைப்பலகையை இதே டிரைவரில் மாட்டிப் பாருங்கள்: ஒரு தட்டலுக்கு நான்கு நிகழ்வுகள், 16 தட்டலில் அதுவும் படுத்துவிடும்.

இரண்டாம் பதில்:
திரைக்கு: நீங்கள் வரைவது விருந்தினர் நினைவகத்தில், அதாவது கியூஎமுவுக்குள் ஓடும் உங்கள் கர்னலின் நினைவகத்தில். ஒவ்வொரு முறையும் படத்தை ஜிபியூவுக்கு நகலெடுக்கும் டிரான்ஸ்ஃபர், அதன்பின் அதைத் திரையில் காட்டும் ஃபிளஷ், இரண்டு கட்டளைகளும் வேண்டும். கட்டளை எண்களில் ஃபிளஷ் முந்தி நிற்பதால் வரிசையை மாற்றிப் போட்டவர்களில் நானும் ஒருவன். டேப்லெட்டின் மதிப்பு 0 முதல் 32767 வரை. திரை அகலத்துக்குச் சுருக்க மறக்காதீர்கள்.

கேட்டவர்:
பஃபரைத் திருப்பித் தந்தேன். இப்போது கியூஎமு பிழைச்செய்தி காட்டி முரண்டு பிடிக்கிறது. சுட்டி இருக்க வேண்டிய இடத்தில் திரையின் மேல் இடது மூலைப் படம் வருகிறது!

முதல் பதில் தந்தவர்:
இன்டெக்ஸை 64ஆல் வகுத்து மீதியைச் சேமிக்கிறீர்களா? கூடாது. அது 65535 வரை ஓடித் தானாகவே 0க்குத் திரும்ப வேண்டும். வளையத்தில் இடம் தேடும்போது மட்டும் மீதி எடுங்கள். மூலைப் படத்துக்குக் காரணம், டிரான்ஸ்ஃபரில் ஆஃப்செட்டை (நினைவகத்தில் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை) 0 என்று விட்டது. ஒய்யை அகலத்தால் பெருக்கி, எக்ஸைக் கூட்டி, ஒரு புள்ளிக்கு நான்கு பைட் என்பதால் நான்கால் பெருக்குங்கள்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. சுட்டி ஓடுகிறது, போன வழியெல்லாம் தடம் விட்டுச் செல்கிறது. பழைய இடத்தை நான் அழிக்கவே இல்லை. இதை நானே பார்த்துக்கொள்கிறேன்.