சீன எழுத்து: ஸ்ட்ரோக் ஆர்டரைப் பிடித்துத் தொங்க வேண்டுமா?

நிலாமுற்றம்: எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வின் மூன்றாம் நிலைக்குப் படிக்கிறேன். எழுத்து பார்க்கச் சரியாக இருந்தாலும் கோடு போட்ட வரிசை (ஸ்ட்ரோக் ஆர்டர்) பிசகினால் ஆசிரியை திரும்ப எழுதச் சொல்கிறார். எனக்கு இது நேர விரயமாகத்தான் படுகிறது. சீனர்களே போனில் பின்யினை, அதாவது உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில், தட்டி, வருகிற பட்டியலிலிருந்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வையும் கணினியில் தட்டச்சு செய்தே எழுதிவிடலாம். அந்த நேரத்தில் புதுச் சொற்கள் படிக்கலாமே?

செந்தூரன்: ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘வாய்’ என்று பொருள்படும் 口 எழுத்தையே எடுங்கள். பார்க்க ஒரு சதுரம். ஆனால் மூன்றே கோடு: முதலில் இடப்பக்கம் மேலிருந்து கீழே, பிறகு மேல்கோடும் வலப்பக்கமும் பேனா எடுக்காமல் ஒரே மடிப்பு, கடைசியில் அடிக்கோடு. வேகமாக எழுதும்போது அந்த மடிப்பு அடிக்கோட்டோடு சேர்ந்துவிடும். இடக்கோட்டுக்குப் பக்கத்தில் ‘2’ மாதிரி ஒன்றுதான் தெரியும். வரிசை தெரிந்தவருக்கு அது ‘வாய்’ என்று உடனே புரியும். சதுரமாகவே வரைந்து பழகியவர் சீனர் கையெழுத்தின் முன்னால் திணறுவார். அகராதியில் கோடுகளை எண்ணித் தேடும்போதும் நாலு என்று எண்ணினால் எழுத்து கிடைக்காது.

கரிசல்காட்டான்: ‘சரியான’ வரிசை என்றால் யாருடையது தம்பி? ‘அரசன்’ எழுத்துக்குச் சீனாவில் இரண்டு கிடைக்கோடு, பிறகு செங்குத்து, கடைசியில் அடிக்கோடு. ஜப்பானில் ஒரு கிடைக்கோடு போட்டதுமே செங்குத்து வந்துவிடும். ‘கட்டாயம்’ என்ற பொருளுள்ள ஐந்து கோட்டு எழுத்தில் சீனா, தைவான், ஜப்பான் மூன்றும் மூன்று வழி. 1958இல் ஜப்பான் கல்வி அமைச்சகம் 881 எழுத்துகளுக்கு வரிசைக் கையேடு போட்டபோதே, இதில் இல்லாத வரிசைகளைத் தவறென்று சொல்லவில்லை என்று எழுதிவைத்தது. அமைச்சகத்துக்கே இல்லாத கறார் வகுப்பில் எதற்கு?

செந்தூரன்: கையேடு பற்றிச் சொன்னது உண்மைதான் அண்ணா. ஆனால் மூன்று நாட்டிலும் யாராவது ‘வாய்’ எழுத்தை வலது கீழ்மூலையில் தொடங்குகிறார்களா? மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற அடிப்படை எங்கும் ஒன்று. மாறுவது சில எழுத்துகளில்தான். சீனாவின் 1997 தரநிலையில் 7000 எழுத்துக்கு வரிசை இருந்தது. அதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, விதிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். ‘நாடு’ எழுத்தில் சட்டத்தின் மூன்று பக்கம் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி, பிறகுதான் அடிக்கோடு. முதலில் ஆள் உள்ளே போகட்டும், பிறகு கதவைச் சாத்து என்று சீன வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். ‘சிறிய’ எழுத்தில் நடுக்கோடு முதலில், இரு பக்கமும் பிறகு.

நிலாமுற்றம்: விதிகளைத் தெரிந்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளியில் வரிசையோடு எழுதிப் பழகிய சீனர்களுக்கே இன்று பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று அவர்களே புலம்புகிறார்கள். தட்டச்சு பழகிய கைக்கு வரிசை என்ன காவல்?

யாழினி: பின்யின் தட்ட உச்சரிப்பு தெரிய வேண்டுமே? தெரியாத எழுத்தைப் பார்த்தால் விரலால் திரையில் வரைவோம். வரிசை தப்பினாலும் இன்றைய செயலிகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும் என்பதை ஏற்கிறேன். ஆனால் கிடை, செங்குத்து, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு என்று ஐந்தே விசையில் எழுதும் முறையும் இருக்கிறது. பின்யின் தெரியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அங்கே வரிசைதான் எல்லாம்.

கரிசல்காட்டான்: சீன மொழி படிக்கும் வெளிநாட்டவருக்காக 2021இல் வந்த தரநிலையைப் பாருங்கள். கண்டால் தெரிய வேண்டியவை 3000 எழுத்து, கையால் எழுத வேண்டியவை 1200. கையால் எழுதுவதில் தொடக்க நிலைக்கு 300தான். வாசிக்க மட்டும் போதுமான எழுத்துக்கெல்லாம் கோடு எண்ணிக்கொண்டிருப்பது அநியாயம்.

நிலாமுற்றம்: இது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த 300ஐ வரிசையோடு எழுதுகிறேன், மிச்சத்தை வாசிக்க மட்டும். ஆசிரியையிடம் இப்படியே கேட்கப்போகிறேன்.

செந்தூரன்: கேளுங்கள். ஆனால் ‘வாய்’, ‘மரம்’, ‘நீர்’, ‘மனிதன்’ போன்ற எளிய எழுத்துகள்தான் பெரிய எழுத்துகளுக்குள் உறுப்பாக வருகின்றன. இவற்றில் கை பழகிவிட்டால் மற்றவற்றில் எதை முதலில் போடுவது என்று பெரும்பாலும் யோசிக்கவே வேண்டியிருக்காது. அதனால் இந்த 300இல் மட்டும் ஆசிரியை திரும்ப எழுதச் சொன்னால் மறுக்காமல் எழுதுங்கள்.