வீட்டில் ஹார்ன் ஸ்பீக்கர்: அளவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

என்னிடம் 12 அங்குல வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) 1 அங்குலக் கழுத்துள்ள கம்ப்ரஷன் டிரைவரும் (ஹார்னின் குறுகிய முனையில் பொருத்தும் ஒலிக்கருவி) ஒரு ஜோடி இருக்கின்றன. அறை 10க்கு 12 அடி. 40 ஹெர்ட்ஸ் வரை முழுவதும் ஹார்னிலேயே, அதாவது வாய் விரிந்த குழாயிலேயே, கேட்க ஆசை. பிளைவுட்டில் நானே செய்ய முடியுமா?

பதில் 1

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.6 மீட்டர். ஹார்ன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். விட்டம் மட்டும் ஒன்பது அடி வரும். உங்கள் சுவரே பத்தடிதான்! பாஸ் ஹார்னை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஹார்னை, மறந்துவிடுங்கள்.

பதில் 2

மறக்க வேண்டியதில்லை, தள்ளிப்போடுங்கள். அறை மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் ஹார்னின் நீட்சியாகிவிடும்; வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு போதும். அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் 1940களில் கிளிப்ஷ்ஹார்னை இப்படித்தான் மூலைக்குள் அடக்கினார். ஆனால் அது மடித்து மடித்துச் செய்யும் பெட்டி. முதல் வேலைக்கு அது வேண்டாம்.

நான் மைக்செட் கடையில் தொழில் பழகியவன். சிறிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கர் வயல் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். அந்தத் திறன் ஹார்னுடையது. அதை நடு அலைவரிசையில் முதலில் அனுபவியுங்கள்.

வெட்டு அலைவெண் (இதற்குக் கீழே ஹார்ன் வேலை செய்யாது) 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முடிவு செய்துவிட்டால் மற்ற அளவுகள் தாமே வந்துவிடும். வாயின் விட்டம் 27 செ.மீ., நீளம் 32 செ.மீ. சொச்சம். எக்ஸ்பொனென்ஷியல் வளைவில் ஒவ்வொரு 4.7 செ.மீ.க்கும் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் பதினெட்டு வளையங்கள் வெட்டி அடுக்குங்கள். ஒவ்வொரு துளையின் விட்டமும் முந்தையதைவிட 14 சதவீதம் பெரியது. ஒட்டிக் காய்ந்ததும் படிக்கட்டுகளை அரத்தால் சீவி, உப்புத்தாளால் விரல் தடுக்காத அளவுக்கு இழையுங்கள். கழுத்துப் பக்கத்து முதல் மூன்று வளையங்களுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒலியழுத்தம் மிகுந்த இடம் அதுதான். டிரைவரின் துளையும் மரத்தின் துளையும் அங்கே சிறிதும் விலகக் கூடாது. வாயின் விளிம்பை வெளிப்பக்கமாக நன்றாக உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் அலை அங்கே மோதித் திரும்பும், பாடகர் குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 400 ஹெர்ட்ஸிலேயே கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ஹார்னுக்கும் பிரிக்கும் இடம்) வைக்கலாமா?

பதில் 2

கூடாது. வெட்டு அலைவெண்ணுக்கு அருகில் ஹார்ன், டிரைவரின் அதிரும் தகடான டயஃபிரத்துக்குப் போதிய சுமை தராது. 1 அங்குல டிரைவருக்கு 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வைப்பதே பத்திரம். அதற்குக் கீழே வூஃபர் பார்த்துக்கொள்ளும். ஹார்ன் வூஃபரைவிட மிகச் சத்தமாக ஒலிக்கும் என்பதால் எல்-பேட் (ஒலியளவைக் குறைக்கும் மின்தடை அமைப்பு) ஒன்று போட்டுக் குறையுங்கள். சோதனை செய்யும்போதும் டிரைவரை ஆம்ப்ளிஃபயரில் நேரடியாக இணைக்காதீர்கள். 8 ஓம் டிரைவர் என்றால் 20 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடரில் போட்ட பிறகே ஒலியைக் கூட்டுங்கள்.