உள்ளே ஆர்கான் வாயு விடாத சைக்கிள் ஃபிரேம் உடையுமா?

மைட்டர்மணி:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "குரோமோலி ட்யூபுக்குள்ள ஆர்கான் நிரப்பாம டிக் வெல்டிங் அடிச்சா அது ஃபிரேமே இல்ல, உடையும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. வீட்டுப் பட்டறையில நான் அடிச்ச ஃபிரேம் ரெண்டு வருஷமா ஓடுது. 4130 ட்யூப் (குரோமோலிங்கற குரோமியம்-மாலிப்டினம் எஃகு), சுவர் கனம் முனையில 0.9 மி.மீ., நடுவுல 0.6. டிக் டார்ச்சுல மின்பொறி அடிக்கிற டங்ஸ்டன் கம்பி 1.6 மி.மீ., உருக்கி நிரப்ப ஈஆர்70எஸ்-2 ராடு, நாப்பது ஆம்பியருக்குள்ள வேலை. உள்ளே ஆர்கான் விடல. எந்த இடத்துல உடையும்னு சொன்னா, அங்க சுண்ணாம்பால ஒரு வட்டம் போட்டு வெச்சுக்கறேன்.

கொல்லன்பட்டறை:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், கடிக்க மாட்டேன். 28 வருஷம் பிரஷர் பைப் வெல்டிங் பண்ணின கை இது. ரூட்டுக்கு, அதாவது வெல்டிங்கோட அடிப்பகுதிக்கு, பின்னாடி காத்து பட்டா கருகும். கருகின இடத்துலதான் விரிசல் பிறக்கும். சுத்தி வளைக்காம சொல்லுங்க: உள்ளே ஆர்கான் விட்டீங்களா, இல்லையா?

மைட்டர்மணி:
விடலன்னுதான் மேலே எழுதியிருக்கேன்.

கொல்லன்பட்டறை:
அப்ப பேச்சு முடிஞ்சுது.

இழுவிசை:
முடியல சார். நீங்க அடிச்ச பைப் ஸ்டெயின்லெஸ்ஸா இருந்திருக்கும். குரோமியம் 18 சதவீதம் இருக்கிற உலோகம், பின்பக்கம் காத்து பட்டா சர்க்கரை உறைஞ்ச மாதிரி பொருபொருன்னு ஆயிடும். அதுக்கு பர்ஜ், அதாவது உள்ளே ஆர்கான் விடறது, கட்டாயம். டைட்டானியத்துக்கும் அப்படித்தான். 4130-ல குரோமியம் சுமார் 1 சதவீதம். பர்ஜ் பண்ணா உள்பக்கம் சுத்தமா வரும், நல்லதுதான். பண்ணலேன்னா குடி முழுகிடாது. ஃபிரேம்ல விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்துல, அண்டர்கட்னு பள்ளம் விழுந்த இடத்துல, சூடு பட்ட பகுதியில ஆரம்பிக்கும். அதை யாரும் கேக்கல. அப்புறம், "உடையும்"னா என்ன? ஒரே அடியில முறியறதா, மிதிக்க மிதிக்க களைச்சு விரியறதா? சைக்கிள் பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ 4210-ல மிதிவிசைக் களைப்புச் சோதனையே 1,00,000 சுழற்சி.

கொல்லன்பட்டறை:
இன்ஜினியர் வந்தாச்சு. உடையும்னா உடையும், அதுக்கு அகராதி வேணுமா? நான் கேட்டது ஆர்கான்.

பித்தளைராடு:
இதுக்குத்தான் டிக்கே வேணாம்ங்கறேன். பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டற பிரேசிங்னா 900 டிகிரி பக்கம், அவ்வளவுதான். இரும்பு உருக 1500 வேணும், அந்தப் பேச்சே இல்ல. காத்து அண்டாம ஃபிளக்ஸ் பூச்சு பார்த்துக்கும். ரெனால்ட்ஸ் 531 ட்யூப் 1935-ல வந்தது, அத்தனையும் பிரேசிங்லதான் கட்டினாங்க.

மைட்டர்மணி:
531 பிரேசிங்குக்கு ஏத்த உலோகம், அதனால பிரேசிங். அதே கம்பெனியோட 853-ஐ டிக் அடிச்சு காத்துல ஆற விட்டா ஜாயின்ட் பக்கம் இன்னும் வலுவேறும். எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. பித்தளையை அளவுக்கு மேல காய்ச்சி, துத்தநாகப் புகையைக் குடிச்சு ராத்திரி பூரா காய்ச்சல்ல நடுங்கினது நீங்கதானே?

பித்தளைராடு:
காய்ச்சல் வந்தது எனக்கு. ஃபிரேமுக்கு இல்ல.

சந்துசைக்கிள்:
அது கிடக்கட்டும். மணி, ட்யூப் முனையில மைட்டர், அதான் அடுத்த ட்யூப் மேல பொருந்தற வளைவு, எதுல வெட்டினீங்க? மெஷின்ல சுத்தற குழாய் ரம்பம் ஹோல் சான்னா "கையால செஞ்ச ஃபிரேம்"னு சொல்லிக்கக் கூடாது.

மைட்டர்மணி:
ஹோல் சால வெட்டி, அரைவட்ட அரத்துல ராவினேன், காகிதம் நுழையாத அளவுக்கு. அப்படிப் பார்த்தா டார்ச்சும் மெஷின்தான். பல்லால கடிச்சு ஒட்டணுமா?

சந்துசைக்கிள்:
அத்தனை மைட்டரையும் அரத்துலயே போட்டவன் நான். அந்தக் கையும் இந்தக் கையும் ஒண்ணா?

பித்தளைராடு:
அந்த ஃபிரேம் படம் இதோ வருது அதோ வருதுன்னு சொல்லிட்டே இருக்கீங்களே?

சந்துசைக்கிள்:
பெயின்ட் காயல.

கொல்லன்பட்டறை:
அரம், பெயின்ட் எல்லாம் சாவகாசமா பேசுங்க. என் கேள்வி அப்படியே நிக்குது. பின் சக்கரத்துக்குப் போற செயின் ஸ்டே ட்யூபுல காத்துப்போக்குத் துளை இல்லேன்னா, உள்ளே சூடேறின காத்து கடைசி இடைவெளியை மூடும்போது உருகின உலோகத்தை ஊதித் தள்ளும். பர்ஜ் பண்றவன் துளை போட்டே ஆகணும். இவர் போட்டிருக்க மாட்டார்.

மைட்டர்மணி:
போட்டிருக்கேன். 3 மி.மீ.

கொல்லன்பட்டறை:
துளை போட்டவருக்கு அதே துளையில ஆர்கான் விட என்ன கேடு? சோம்பேறித்தனம்.

இழுவிசை:
ஒரே வழி. மிச்ச ட்யூப்ல ரெண்டு ஜாயின்ட் அடிங்க, ஒண்ணு பர்ஜோட, ஒண்ணு இல்லாம. நெடுக அறுத்து, மெருகேத்தி, ஆசிட் தடவிப் பாருங்க. ஒரு மத்தியான வேலை.

கொல்லன்பட்டறை:
அறுத்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கற நிலைமையில நான் இல்ல. உலோகம் ஓடற விதத்துலயே எனக்குத் தெரியும்.

மைட்டர்மணி:
நான் அறுக்கறேன். உள்ளே கருப்பா ஒரு படலம் இருக்கும். அதனால உடையும்னு ஆயிடாது.

கொல்லன்பட்டறை:
"கருப்பா இருக்கும்." அவர் வாயாலயே வந்துடுச்சு. எல்லாரும் படிச்சுக்குங்க.

மைட்டர்மணி:
படலம்னு எழுதினேன், விரிசல்னு எழுதல!

கொல்லன்பட்டறை:
போன வருஷம் ஃபோர்க் பேச்சுல என்னை "பழைய காலத்து ஆளு"ன்னவர்தானே நீங்க? மறக்கல. பழைய ஆளு உள்ளே ஆர்கான் விடுவான்.

இழுவிசை:
ரெண்டு பேரும் நிறுத்துங்க. மணி, சூட்டுல சீட் ட்யூப் வட்டம் கெட்டுச்சா? ரீமர் போட்டு உள்ளே சுரண்டி வட்டமாக்கினீங்களா? வீட்டுல கட்டற ஃபிரேம்ல நிஜமா உயிரை வாங்கறது அதுதான்.

மைட்டர்மணி:
நல்லாவே கெட்டுச்சு. சீட் போஸ்ட் பாதிக்கு மேல இறங்கல. ரீமர் போட்டுத்தான் இறக்கினேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல.

கொல்லன்பட்டறை:
பார்த்தீங்களா? ஆர்கான் விட்டிருந்தா வட்டம் கெட்டிருக்காது.

இழுவிசை:
வட்டம் கெடறதை ஆர்கான் தடுக்காது சார்.

கொல்லன்பட்டறை:
தடுக்கும்னு நான் எங்க சொன்னேன்? விட்டிருந்தா கெட்டிருக்காதுன்னுதான் சொன்னேன்.