கோடையில் ஹைப்ரிட் பாஸ்: உயிர் இரை எந்த ஆழத்தில் நிற்க வேண்டும்?

கரையோரம்:
ஸ்ட்ரைப்டு பாஸும் ஒயிட் பாஸும் கலந்த கலப்பின மீனான ஹைப்ரிட் பாஸைத் தூண்டிலில் பிடிக்கப் பார்க்கிறேன். அமெரிக்க நீர்த்தேக்கம் ஒன்று, அதிக ஆழம் 45 அடி. ஜூலையில் மேல்நீர் 84 டிகிரி ஃபாரன்ஹீட். நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனாரில் 22 முதல் 27 அடி வரை நல்ல மீன்கள் தெரிகின்றன. த்ரெட்ஃபின் ஷாட் என்ற சிறு இரைமீனை உயிரோடு ஏரித் தரையை ஒட்டி இறக்கினால் கடியே இல்லை, பத்து நிமிடத்தில் இரை செத்து மேலே வருகிறது. படகில் இரையை வைத்திருப்பது சாதாரண செவ்வக ஐஸ் பெட்டியில். அதிலும் ஷாட் மூக்குச் சிவந்து ஒரு மணி நேரத்தில் மல்லாந்துவிடுகிறது. முள் சர்க்கிள் எனும் வட்டமாக வளைந்த வகை. தப்பித்தவறிக் கடித்தாலும் ராடை, அதாவது தூண்டில் கோலைச் சுண்டி இழுத்ததும் கழன்றுவிடுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

ஆழமறிந்தவன்:
ஆழத்தை முதலில் பாருங்கள். தரையில் இரை சாவதற்குக் காரணம் அங்கே ஆக்சிஜன் இல்லாததுதான். கோடையில் மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று ஏரி இரண்டாகப் பிரிந்துவிடும். இடைப்பட்ட அடுக்கு தெர்மோக்ளைன். கீழ்நீர் மேல்நீரோடு கலக்காது, அடியில் மட்குகிற பொருட்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். ஹைப்ரிட், தாய்தந்தையரில் ஒன்றான ஸ்ட்ரைப்டு பாஸைவிடச் சூடு தாங்கும். அதனால் தெர்மோக்ளைனுக்குச் சற்று மேலே நிற்கும், கீழே போகாது.

சோனாரின் சென்சிடிவிட்டியைக் கூட்டினால் குறுக்கே மங்கலான ஒரு பட்டை தெரியும். அதுதான் எல்லை. இந்த மீன் மேல்நோக்கிப் பார்த்து இரை பிடிக்கும். தனக்குக் கீழே கிடப்பதைத் தேடிப்போவது அரிது. மீன் 25 அடியில் என்றால் இரை 22இல் நிற்கட்டும். இறங்கிய நீளத்தைக் காட்டும் லைன் கவுண்டர் ரீல் இல்லையென்றால் ரீலிலிருந்து ராடின் முதல் வளையம் வரை அளந்துகொண்டு, அந்த நீளத்தையே திரும்பத் திரும்ப உருவி எண்ணுங்கள். காற்றில் தூண்டில் நரம்பு சாய்ந்தால் எண்ணிக்கை 22 என்றாலும் இரை உண்மையில் இன்னும் மேலேதான் இருக்கும். அப்போது ஈயத்தைக் கூட்ட வேண்டும்.

இடம் தேடும்போது, உச்சி 20 அடியில் இருந்து பக்கம் சட்டென்று 40க்கு இறங்கும் நீரடி மேடுகளையும், பழைய ஆற்றுப்பள்ளத்தை ஒட்டி நீளும் நிலமுனைகளையும் பாருங்கள். அணையில் மின்சாரம் எடுக்கும் நேரத்தில் நீர் ஓடும். சும்மா நின்ற கூட்டம் பல சமயம் அப்போதுதான் தின்னத் தொடங்கும்.

வீச்சுவலை:
இரைத் தொட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். ஷாட் நிற்காமல் நீந்தும் மீன். செவ்வகப் பெட்டியின் மூலையில் முட்டிமுட்டித்தான் மூக்குச் சிவக்கிறது. வட்டத் தொட்டி கட்டாயம், நீர் ஒரே திசையில் சுழல வேண்டும். கோடையில் ஒரு கேலனுக்கு ஒரு ஷாட். 30 கேலனில் 30க்கு மேல் போடாதீர்கள். உதிர்ந்த செதில் நீரைக் கெடுக்கும், அதனால் பாலியஸ்டர் பஞ்சு ஃபில்டர் வைத்து அடிக்கடி அலசுங்கள். அயோடின் சேராத கல்லுப்பு 10 கேலனுக்கு முக்கால் கப் போட்டால் செதில் கெட்டிப்பட்டு, மிரட்சியும் குறையும். குழாய் நீர் என்றால் குளோரின் நீக்கி அவசியம். ஐஸை நேரடியாகக் கொட்டாமல், உறைய வைத்த நீர்ப்புட்டியை மூடியபடியே மிதக்க விடுங்கள். ஏரி நீரைவிட 8, 10 டிகிரிக்கு மேல் குளிர வைத்தால் இறக்கும்போது இரை அதிர்ந்துவிடும்.

வீச்சுவலையில் ஷாட் விழுந்ததும் முதலில் ஒரு வாளியில் சில நிமிடம் விட்டு, அழுக்கும் செதிலும் கழிந்தபின் தொட்டிக்கு மாற்றுங்கள். 3, 4 அங்குல ஷாடுக்கு வலைக்கண் இழுத்து நீட்டி அளந்தால் முக்கால் அங்குலம், அதாவது ஒரு பக்கம் 3/8. கண் பெரிதானால் செவுள் மாட்டிக்கொள்ளும். கையால் தொடாமல் சிறு வலையால் எடுங்கள். வழவழப்புப் போனால் பிழைக்காது. ஒரு ஏரியின் உயிர் இரையை இன்னொன்றுக்குக் கொண்டுபோகப் பல மாநிலங்களில் தடை, அந்தந்த விதியைப் படித்துவிடுங்கள்.

ஈயக்குண்டு:
கழலுவது சுண்டி இழுப்பதால்தான். சர்க்கிள் முள் மீனின் வாயோரத்தில் தானாகத் திரும்பி ஏற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் திரும்புமுன் வெளியே வந்துவிடும். ராடைத் தாங்கியிலேயே விட்டு, முனை நீரைத் தொடும்படி வளைந்து நின்றபின் கைப்பிடியைச் சுற்றுங்கள், போதும்.

அமைப்பு இது: 15 பவுண்டு நரம்பு, அதில் ஓடும் ஒன்றரை அவுன்ஸ் முட்டை வடிவ ஈயம், முடிச்சைக் காக்க ஒரு மணி, நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பான ஸ்விவல், அதன்பின் 3 அடி ஃப்ளூரோகார்பன் நரம்பு. முள்ளின் அளவு மூன்றங்குல ஷாடுக்கு 1/0, ஐந்தங்குலத்துக்கு அதைவிடப் பெரிய 3/0. இரை பெரிதாகி முள்வாய் (முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் இடையிலான திறப்பு) அடைபட்டால் சர்க்கிள் வேலை செய்யாது. மூக்குத்துளை வழியே குத்துங்கள். மெதுவாகப் படகு நகரும்போது இரை நேராக நீந்தும். ஏழு அடி ராட், முனை மென்மையாக. ரீலின் பிடிமானமான டிராக் 3, 4 பவுண்டுக்குமேல் வேண்டாம், இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே மீன் அறுத்துக்கொண்டு போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள். சோர்ந்த ஷாடை இந்த மீன் சட்டை செய்யாது.

கரையோரம்:
நன்றி. பிடித்ததைத் திரும்ப விடலாமா?

ஆழமறிந்தவன்:
இந்தச் சூட்டில் வேண்டாம். மேல்நீர் 80ஐத் தாண்டினால், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பல மீன்கள் பிறகு செத்துவிடும். விதி அனுமதிக்கும் எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். பிடித்துத் திரும்ப விடுவதென்றால் குளிர்காலத்துக்கு ஒத்திவையுங்கள். எண்ணுமுன் இனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், அளவு விதி இனத்துக்கு இனம் மாறும். ஹைப்ரிடின் கோடுகள் பெரும்பாலும் விட்டுவிட்டு இருக்கும், உடல் உயரம் அதிகம், நாக்கில் இரண்டு பல்திட்டுகள் நெருங்கியிருக்கும். ஒயிட் பாஸுக்கு ஒரே திட்டு. சமையலுக்கு வைப்பதை உடனே ஐஸில் புதைத்து, தோலுரித்ததும் பக்கவாட்டுச் சிவப்புச் சதையைச் செதுக்கி எறியுங்கள், கவிச்சி அதில்தான் இருக்கிறது.