மலரில் ‘திருத்தியவர்’ என்று போடலாமா?

வில்லியனூரான்:
எங்கள் தெரு நூலகத்துக்கு ஆண்டு மலர் கொண்டுவருகிறோம். வந்த கட்டுரைகளை எல்லாம் நான்தான் உட்கார்ந்து பார்த்தேன், எழுத்துப்பிழை நீக்கினேன், சிலவற்றைப் பாதியாக வெட்டினேன், ஒன்றிரண்டை வேறு மாதிரியே எழுதிவிட்டேன். உள்பக்கத்தில் என் பெயருக்கு மேலே ‘திருத்தியவர்’ என்று போடலாமா? அச்சகத்தில் கேட்டால் ‘எடிட்டர்னே போட்டுடுங்க சார்’ என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
வேண்டாங்க. அந்தச் சொல்லைப் பார்த்தால் விடைத்தாள் கட்டும் சிவப்பு மையும்தான் ஞாபகம் வரும், எழுதிக் கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கோணலாக இருந்ததை நேராக்கினோம் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. முடி திருத்துவது, காடு திருத்திக் கழனியாக்குவது, பத்திரத்தில் சர்வே நம்பர் தப்பாக விழுந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவது எல்லாம் அந்த வகைதான்.

முத்தியால்பேட்டை வாசகன்:
டீச்சர் சொல்வது பாதி சரி. சட்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் திருத்தம்தான். நம் புதுச்சேரியே 1962இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தின் வழியாகத்தான் யூனியன் பிரதேசங்களின் பட்டியலில் ஏறியது. அதில் யாருடைய பிழையைத் திருத்தினார்களாம்? ஆனாலும் மலருக்கு அந்தச் சொல் வேண்டாம், அதில் டீச்சர் கட்சிதான் நான்.

பழைய புத்தகக் கிறுக்கன்:
‘பதிப்பாசிரியர்’ என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், அது வேறு வேலை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்றால், ஏடுகளை ஒப்பிட்டு மூலபாடம் எது என்று தேடினார். திருத்தக்கதேவரின் செய்யுளைப் பாதியாக வெட்டவில்லை! நீங்கள் செய்தது செம்மையாக்கம். பலர் எழுதியதை ஒன்றுசேர்த்ததால் தொகுப்பாசிரியர் என்றும் போடலாம், தமிழ் விக்கிப்பீடியாவில்கூட மாற்றி எழுதும் பொத்தானுக்குத் ‘தொகு’ என்றுதான் பெயர், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம். ‘தொகுப்பும் செம்மையாக்கமும்’ என்று போட்டு உங்கள் பெயரைப் போடுங்கள், வேலை முடிந்தது.

வில்லியனூரான்:
சரி, அப்படியே போடுகிறேன். அப்புறம் ஒன்று, பிரதி தீர்ந்து மறுபடி அடித்தால் ‘திருத்திய பதிப்பு’ என்று போடணுமா?

பழைய புத்தகக் கிறுக்கன்:
உள்ளே ஏதாவது மாற்றினால் மட்டும். அப்படியே அடித்தால் ‘இரண்டாம் அச்சு’ போதும். அதை விடுங்க, அந்த ஒன்றிரண்டு கட்டுரைகளை வேறு மாதிரி எழுதினேன் என்றீர்களே, எழுதியவர்களிடம் புரூஃபைக் காட்டிவிட்டீர்களா?